கட்டினவர் மேல் வழக்குப் போடுவதா, அந்தக் காசில் திருத்துவதா?

வெள்ளவத்தைச் செயலாளர்:
எங்கள் தொடர்மாடி காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. கையளித்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. மொட்டைமாடி ஒழுகுகிறது. கடல் பக்கப் பல்கனிகளின் அடியில் கொங்கிறீட் வெடித்து உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. கட்டிய நிறுவனத்துக்கு எழுதினால், உத்தரவாதக் காலம் ஒரு வருடம்தான், முடிந்துவிட்டது என்று ஒரே பதில். வழக்குக்கென்று விசேட அறவீடு போட நினைக்கிறோம். பாதிப்பேர் எதிர்ப்பு. என்ன சொல்கிறீர்கள்?

சைட் எஞ்சினியர்:
போடாதீர்கள். நான் கட்டுமானத் தொழிலில் இருப்பவன், அதனால் கட்டுபவர் பக்கம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கம்பி துருப்பிடித்தால் பருத்து, சுற்றியுள்ள கொங்கிறீட்டைத் தள்ளி உடைக்கும். உப்புக் காற்றில் அது நிற்காது. நீங்கள் தவணைக்குத் தவணை புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய்வரும் காலத்தில் திருத்தச் செலவு பல மடங்காகிவிடும். அப்புறம், மொட்டைமாடியில் டிஷ் அன்டெனாவுக்கும் ஏசிக்கும் ஓட்டை போட்டது யார் என்று எதிர்த்தரப்பு நிபுணர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல நீங்களும் ஒரு நிபுணருக்குக் காசு கட்ட வேண்டும்.

தெஹிவளை ராணி:
அண்ணை, பல்கனியின் அடிப்பக்கத்தில் யார் ஓட்டை போட்டார்கள்? கம்பிக்கு மேல் போதிய தடிப்பில் கொங்கிறீட் விடாதது கட்டினவரின் பிழை. எல்லாரும் இப்படியே பேசாமல் திருத்திக்கொண்டால் அடுத்த ஒழுங்கையிலும் அதே கட்டடம் எழும்பும். ஓய்வூதியக் காசை வீட்டில் போட்டவர்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் தெரியுமா? எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

புதுக்கடைச் சட்டத்தரணி:
செலவைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். வென்றால் செலவு முழுவதையும் எதிர்த்தரப்பு தரும் என்று நம்பித்தான் பலர் வருகிறார்கள். நீதிமன்றம் அட்டவணைப்படி கணக்கிட்டுக் கொடுக்கும் வழக்குச் செலவு, நீங்கள் உண்மையில் செலவழித்ததில் ஒரு சிறு பங்குதான். சட்டத்தரணி கட்டணமும் நிபுணர் கட்டணமும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

அதற்கு முன் ஒன்று. விற்பனை ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு வாசகம், அதாவது பிணக்கை நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர்களிடம் தீர்க்க வேண்டும் என்ற வாசகம், இருக்கிறதா பாருங்கள். இருந்து, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றத்துக்கு அந்த வழக்கை விசாரிக்க அதிகாரமில்லை. எத்தனை நடுவர்கள் என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் மூன்று பேர். அவர்களுக்கான கட்டணத்தையும் தரப்புகள்தான் கட்ட வேண்டும். நிறுவனத்துக்கு அது தொழில் செலவு, உங்களுக்கு அது வீட்டுச் செலவு.

ஹரோவிலிருந்து ஒருவர்:
என் வீடு இரண்டாம் மாடியில், வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒழுகுவது மேல்மாடி. நான் ஏன் கட்ட வேண்டும்?

வெள்ளவத்தைச் செயலாளர்:
தம்பி, மொட்டைமாடி பொதுப் பகுதி. உங்கள் வீட்டின் பங்குப் பெறுமதிக்கு ஏற்ப நீங்களும் கட்டத்தான் வேண்டும், வழக்குப் போட்டாலும் திருத்தினாலும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கூட்டத்துக்கும் வராமல், காசும் அனுப்பாமல் விட்டால் இங்கே இருக்கும் வயதானவர்கள் என்ன செய்வது?

சைட் எஞ்சினியர்:
சட்டத்தரணி சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். வென்றாலும் நட்டம்.

புதுக்கடைச் சட்டத்தரணி:
நான் அப்படிச் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்து இறங்குங்கள் என்றேன். எழுத்து ஒப்பந்தத்தில் எழும் வழக்குக்கு 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் தருவது 6 வருடம். கவனயீனத்தால் வந்த சேதம் என்று நட்டஈடு கேட்டால் 2 வருடம்தான். கோரிக்கைக் கடிதம் அனுப்பியதால் காலம் நின்றுவிடாது. செயலாளர், ஐந்து வருடம் என்கிறீர்கள். இது அவசரம்.

யார் பெயரில் வழக்கு என்பதும் முக்கியம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர்கள் வீடு வாங்கியவர்கள்; உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்து தொடர்மாடியை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அல்ல. எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் ஆட்சேபமே அதுதான். அதிலேயே பல தவணை போய்விடும், காசும் போய்விடும். உரிமையாளர்களையும் கூட்டுத்தாபனத்தையும் சேர்த்தே போடுவது நல்லது.

தெஹிவளை ராணி:
இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அண்ணை, நீங்கள் சொல்கிறபடி இப்போதே திருத்தினால் பிழைக்கு ஆதாரம் எங்கே இருக்கும்?

சைட் எஞ்சினியர்:
அது நியாயமான கேள்வி. திருத்துவதற்கு முன் சுயாதீனப் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு, கவர் மீட்டரால் ஒவ்வொரு பல்கனியிலும் கம்பிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் கொங்கிறீட் இருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். உதிர்ந்த துண்டுகளை வீசாதீர்கள், எந்த வீடு, எந்தத் திகதி என்று எழுதிப் பையில் போட்டு வையுங்கள். நிறுவனத்துக்கு முன்னறிவித்தல் கொடுத்து, அவர்களின் ஆளையும் வரச்சொல்லி அளந்தால், அளவு பிழை என்று அவர்கள் பிறகு வாதாடுவது கஷ்டம். அந்த அறிக்கையைக் கண்டதும் பேச வந்த நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வழக்கு வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

ஹரோவிலிருந்து ஒருவர்:
அறிக்கைக்கு என் பங்கைத் தருகிறேன். வழக்குக்கு இப்போது உடன்பட முடியாது. அறிக்கையை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வெள்ளவத்தைச் செயலாளர்:
சரி, கூட்டத்தில் இரண்டையும் தனித்தனித் தீர்மானமாக வைக்கிறேன். முதலில் அறிக்கைக்கான அறவீடு, அடுத்தது வழக்கு. கையளித்த திகதியை ஒவ்வொருவரும் வீட்டு உறுதிப் பத்திரத்தில் பார்த்து அனுப்புங்கள். ஆறு வருடக் கணக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் வேறாக இருக்கலாம்.