அம்மாவுக்குக் காது மெஷின்: தனிக் கடையில் வாங்கலாமா?

கேள்வி

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எதிரில் உட்கார்ந்து பேசினால் சரியாகப் பதில் சொல்கிறார். நாலு பேர் கூடிவிட்டால் சும்மா தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார். காது டாக்டர் பார்த்துவிட்டு, வயதால் வந்தது, இரண்டு காதுக்கும் மெஷின் வைப்பதுதான் வழி என்றார். பெரிய ஷோரூமில் சொன்ன விலை எங்களால் முடியாது. ஓர் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்துபவர்) சொந்தமாக நடத்தும் சின்னக் கடையில் நல்ல கம்பெனி மெஷினையே நன்றாகக் குறைத்துத் தருகிறேன் என்கிறார். நம்பி வாங்கலாமா? இல்லை, ஆன்லைனில் வரும் மலிவு மெஷினே போதுமா?

பதில்

பல வருஷமாக இரண்டு காதிலும் மெஷின் போடுகிறவன் நான். இப்போது இருப்பது தனிக் கடையில் வாங்கியதுதான். தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்த மாடல் என்பதைவிட, அவர் அதை எப்படிப் பொருத்துகிறார் என்று பாருங்கள்.

விலை குறைவதற்குக் காரணம் இருக்கிறது. தனிக் கடைக்கு விளம்பரச் செலவு குறைவு. போன தலைமுறை மாடல்களையும் வைத்திருப்பார்கள், அவை வீட்டுப் பேச்சுக்கு நன்றாகவே போதும்.

முதலில் அம்மாவின் ஆடியோகிராமை, அதாவது காது டெஸ்டில் வரும் வரைபடத்தை, கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இடமிருந்து வலமாக, கனத்த ஒலியிலிருந்து கீச்சென்ற ஒலி வரை, 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8000 வரை போகும். கோடு கீழே இறங்க இறங்க இழப்பு அதிகம். வயதால் வருவதில் பெரும்பாலும் வரைபடத்தின் வலப்பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிப் பக்கம்தான் சரியும். அதனால் உயிரெழுத்துகள் காதில் விழும். ச, த, ப போன்றவற்றின் கூர்மை தப்பிப் போகும். ‘பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்றுதான் புரியவில்லை’ என்று எங்களைப் போன்றவர்கள் சொல்வது இதனால்தான். எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டும் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தால் பாத்திரம் விழும் சத்தம் மண்டையைப் பிளக்கும், பேச்சு மட்டும் மங்கலாகவே இருக்கும்.

அதனால் கடையில் முதல் கேள்வியாக, ரியல் இயர் மெஷர்மென்ட் செய்வீர்களா என்று கேளுங்கள். மெல்லிய சிலிக்கான் குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு, மேலே மெஷினைப் போட்டு, ஸ்பீக்கரில் பேச்சை ஓடவிடுவார்கள். செவிப்பறை அருகில் உண்மையில் எவ்வளவு சத்தம் போகிறது என்று திரையில் கோடாகத் தெரியும், அதைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். இதைச் செய்யாமல் கம்ப்யூட்டர் தானாகப் போட்டுத் தரும் அளவோடு அனுப்பினால், அம்மாவுக்கு எங்கே தேவையோ அந்தக் கீச்சென்ற ஒலிகளில்தான் பெரும்பாலும் சத்தம் குறையும். இது சின்ன விஷயம் இல்லை. ‘காசு போட்டு வாங்கியும் பிரயோஜனமில்லை’ என்று மேஜை டிராயரில் கிடக்கும் மெஷின்களில் பல சரியாக டியூன் செய்யப்படாதவை என்பது என் கருத்து.

அப்புறம், மெஷின் லாக் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். சில கடைச் சங்கிலிகள் விற்கும் மெஷினை வேறு யாரும் புரோகிராம் செய்ய முடியாது. வீடு மாறினாலோ, கடை மூடினாலோ திண்டாட்டம்தான். பில்லில் சீரியல் நம்பர், கம்பெனி வாரண்டி, பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் கெடு, எத்தனை முறை டியூனிங் இலவசம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

சேனல் (ஒலியைப் பிரித்துத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் பட்டை) எண்ணிக்கையைப் பெரிதாகச் சொல்லி விலையை ஏற்றினால் மசியாதீர்கள். அம்மா பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார் என்றால், அடிப்படை மாடலை ஒழுங்காகப் பொருத்தினாலே போதும்.

பதில்

நான் ஆடியாலஜிஸ்ட். மேலே ஐயா எழுதியதை அப்படியே ஏற்கிறேன். ஒன்றைச் சேர்க்கிறேன், இது எல்லோருக்கும். திடீரென்று ஒரு காது அடைத்தது போல் கேட்காமல் போனால், காதில் சீழ் வடிந்தால், தலை சுற்றினால், ஒரு காது மட்டும் மோசமாகிக்கொண்டே வந்தால், மெஷின் கடைக்குப் போகாதீர்கள். நேரே காது டாக்டரிடம் போங்கள். திடீர் இழப்புக்கு முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை ஆரம்பித்தால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம்.

முதல் சில வாரம் அம்மா ‘இரைச்சலாக இருக்கிறது’ என்று கழற்றி வைக்கப் பார்ப்பார். ஃபேன் சத்தம், சொந்தக் குரல் எல்லாம் புதிதாகத் தெரியும். தினமும் கொஞ்ச நேரம் போடச் சொல்லி மெதுவாகக் கூட்டுங்கள். மெஷின் விசில் அடித்தால் டோம் (காதுக்குள் போகும் மெத்தென்ற முனை) அளவு பொருந்தவில்லை, இல்லையென்றால் குறும்பி அடைத்திருக்கிறது. திரும்பக் கடைக்குக் கூட்டிப் போங்கள். தயங்காதீர்கள், அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கடையில் விசாரித்தேன். அந்த அளவீடு செய்வாராம், மெஷினும் லாக் இல்லையாம், திருப்பித் தரும் கெடுவைப் பில்லிலேயே எழுதித் தருகிறேன் என்றார். ஒரே ஒரு சந்தேகம். அம்மாவுக்கு விரல் மூட்டு வலி. பேட்டரி மாற்ற முடியுமா?

பதில்

அப்படியானால் சார்ஜ் செய்யும் மாடலைக் கேளுங்கள், இரவில் டப்பாவில் வைத்தால் போதும். விலை இடித்தால் 13 நம்பர் பேட்டரி போடும் மாடல் வாங்குங்கள், ஆரஞ்சு ஸ்டிக்கர் இருக்கும். 312 நம்பர் பேட்டரியைவிடப் பெரியது, பிடிக்கச் சுலபம், அதிக நாளும் வரும். ஸ்டிக்கரை உரித்தவுடன் உள்ளே போடாமல் ஓரிரு நிமிடம் வெளியே வையுங்கள். காற்றுப் பட்டால்தான் அந்த பேட்டரி வேலை செய்யத் தொடங்கும். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது.