கந்தளாய் ரோட்டில் மங்கிப்போன ஹெட்லைற்

போன மாரிக்கு முந்தி நடந்தது. தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்கு வந்துகொண்டிருந்தேன். சாமம் இரண்டு மணி இருக்கும். ஹபரணை தாண்டினால் வரும் காட்டுத் துண்டு. ரோட்டில் ஓரிடத்தில் இருட்டு கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பிரேக்கில் ஏறி நின்ற பிறகுதான் அது யானை என்று விளங்கியது. பத்துப் பன்னிரண்டு அடி தூரம். சேறு காய்ந்து வெடித்த தோல், அசையாத வால். லைற்றை அணைக்கவும் பயம், ஹோன் அடிக்கவும் பயம். அது தன்பாட்டில் காட்டுக்குள் இறங்கிப் போனது. கந்தளாய் வரைக்கும் என் கை நடுக்கம் நிற்கவில்லை.

லொறி முப்பது வருடத்துக்கு மேல் ஓடினது. 24 வோல்ட், ஏழங்குல வட்ட லைற். வெளிச்சம் மஞ்சளாகி நாளாகிவிட்டது. பல்ப்தான் பழசு என்று நினைத்து அதுவரை இரண்டு தரம் மாற்றியிருந்தேன்.

யானைக்குப் பிறகு வயரிங் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பல்பைத் தொடவே இல்லை. என்ஜினை ஓடவிட்டு, லைற்றைப் போட்டபடியே மீற்றர் பிடித்தார். பற்றரியில் 27.4 வோல்ட். பல்ப்பின் பின்னால் 23.1. ஹலோஜன் பல்ப்பில் வோல்ட் 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 வீதம் குறையும் என்றார். எனக்கு 15 வீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. கிட்டத்தட்டப் பாதி வெளிச்சத்தோடு யானைக்காட்டில் ஓடியிருக்கிறேன்.

அப்புறம் மீற்றரின் ஒரு முனையை பற்றரி நெகட்டிவிலும் மற்றதை லைற்றின் எர்த் வயரிலும் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) வைத்தார். பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் 1.9. கிறிலுக்குப் பின்னால் அந்த வயர் பூட்டியிருந்த போல்ட்டைக் கழற்றினால் வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு, கீழே தகடு துருப்பொருக்கு. கடலோரத்தில் நிறுத்துகிற வண்டி, உப்புக்காற்று சும்மா விடுமா? தகட்டை மினுங்கும்வரை தேய்த்து, புது வளையம் போட்டு, மேலே வசிலின் பூசினார்.

மிச்ச வோல்ட் சுவிட்சில் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பழைய வண்டிகளில் லைற்றுக்கான கரண்ட் முழுவதும் டாஷ்போர்ட் சுவிட்சுக்குள்ளால் சுற்றித்தான் வரும். டிம்முக்கு ஒன்று, பிறைட்டுக்கு ஒன்று என்று 24 வோல்ட் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச்) இரண்டு போட்டு, பற்றரியில் இருந்து தடித்த வயர் நேரே இழுத்தார். பற்றரிக்குக் கிட்டவே பியூஸ். இப்போது சுவிட்ச் ரிலேயை மட்டும்தான் எழுப்புகிறது. பல்ப்பில் 26.8 நிற்கிறது. அதே பழைய பல்ப்தான்!

* * *

அண்ணை, எனக்கும் இந்த வருத்தம் இருந்தது. நான் கிண்ணியா. மீற்றர் பிடிக்காமல் கூடின வாற் பல்ப் வாங்கிப் போட்டேன். ஒரு கிழமையில் பல்ப் பூட்டுகிற சொக்கட் உருகி, கபினுக்குள் கருகல் மணம். பிறைட்டும் டிம்மும் ஒன்றாக இருக்கிற எச்-4 பல்ப், 24 வோல்ட் என்றால் 75/70 வாற், அதற்கு மேல் போகவே வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், லைற்றின் உயரம் பார்த்தீர்களா? வெறும் வண்டியில் சரிபார்த்துவிட்டு நெல் மூட்டை ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மேலே ஏறிவிடும். மூதூர் ரோட்டில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் எனக்கு லைற் அடித்துத் திட்டினார்கள். இப்போது பாரத்தோடு, சமதரையில், சுவரிலிருந்து 10 மீற்றர் தள்ளி நிறுத்தித்தான் பார்க்கிறேன். டிம் வெளிச்சத்தின் மேல்கோடு லைற்றின் நடுமட்டத்தைவிட 10 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். கோடு இடப்பக்கம்தான் உயர வேண்டும். வலப்பக்கம் உயர்ந்தால் அது வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டு லைற் கண்ணாடி, எத்தனை திருகினாலும் எதிரே வருகிறவன் கண்ணில்தான் குத்தும்.

* * *

நல்ல வேளை சொன்னீர்கள் தம்பி. நேற்று பாரத்தோடு சுவரில் அடித்துப் பார்த்தேன், இடது லைற் ஒரு சாண் மேலே நின்றது. திருகி இறக்கிவிட்டேன். கண்ணாடி இரண்டும் இடப்பக்கம்தான் உயர்கிறது, நல்லதாகப் போயிற்று.

பல்ப் மாற்றுகிறவர்களுக்கு இன்னொன்று: பல்ப்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. கை எண்ணெய் ஒட்டின இடம் அளவுக்கு மீறிச் சூடாகி பல்ப் சீக்கிரம் போய்விடும். துணியால் பிடியுங்கள். மழை முடிகிற நாட்களில் கந்தளாய்க் குளத்துப் பக்கம் பூச்சி வந்து லைற்றில் அப்பிக்கொள்ளும், அதனால் அங்கே பிளேன்ரீ குடிக்க நிறுத்தும்போதே ஈரத்துணியால் இரண்டு கண்ணாடியையும் துடைத்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.