விழித்திரையில் ஒட்டுண்ணி: கண்ணை விட்டுப் போகாத கேஸ்களை எழுதுங்க

இன்டைரக்ட்:
முப்பது வயசு, வலது கண் மூணு வாரமா மங்கல். வெளியில ‘அழற்சி’ன்னு எழுதி தினம் 60 மி.கி. பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு, அது மட்டும். விட்ரியஸ் (கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல்) பூரா மூட்டம். வெளிச்சம் உள்ளே போனதும் வெள்ளைத் திட்டு ஒண்ணு, பனியில எதிரே வர்ற லாரி லைட் மாதிரி. ஒட்டியே கருப்பு ஓரம் போட்ட பழைய தழும்பு. தழும்பு இருந்தா டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணிதான், வேற யோசிக்கவே வேண்டாம். காவல் மருந்து இல்லாத ஸ்டீராய்டுல திட்டு மாக்குலா (விழித்திரையோட நடு) வரைக்கும் போயிடுச்சு. மூணு வாரம் சாப்பிட்டதால ஸ்டீராய்டைச் சட்டுனு நிறுத்தவும் வழியில்லை. ஒட்டுண்ணிக்குச் செப்ட்ரான் டி.எஸ். (சல்ஃபா மருந்து) ரெண்டு வேளை ஆரம்பிச்சு, ஸ்டீராய்டைப் படிப்படியா குறைக்க வேண்டியதாப் போச்சு. ஒட்டுண்ணி மருந்து முதல்ல, ஸ்டீராய்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு. இந்த வரிசைதான் எல்லாமே.

கோவை_ரெட்டினா:
தழும்பை வச்சு முடிவு கட்டாதீங்க சார். புதுசா தொற்றினவங்களுக்குத் தழும்பே இருக்காது. 2004-05ல கோயம்புத்தூர்ல 248 பேருக்கு வந்தது புதுத் தொற்றுதான், குடிநீர் மேலதான் சந்தேகம் போச்சு. ஊசிஸ்ட் (பூனை மலத்துல வர்ற, முட்டை மாதிரி உறை போட்ட ஒட்டுண்ணி) குளோரினுக்குச் சாகாது, கொதிக்க வச்சாத்தான் சாகும். ஐஜிஜி (பழைய தொற்றைக் காட்டுற ஆன்டிபாடி) பாசிட்டிவ்ங்கிறதும் பெரிய சாட்சி இல்ல, ஊர்ல நிறையப் பேர் ரத்தத்துல இருக்கும். நெகட்டிவ் வந்தாத்தான் உபயோகம், டாக்ஸோவை ஓரளவு ஒதுக்கி வைக்கலாம்.

பிஸ்கேன்:
ரெண்டு பேரும் டாக்ஸோவிலேயே நிக்கிறீங்க. என் கேஸ்ல கண் அல்ட்ராசவுண்ட்ல விழித்திரைக்கு அடியில உருண்டைப் பை, உள்ளே பளிச்சுனு ஒரு புள்ளி. புரோபை அசைக்காமப் பிடிச்சிருக்கும்போதே புள்ளி தானா நகர்ந்தது. சிஸ்டிசெர்கஸோட (பன்னி நாடாப்புழுவோட குட்டிப் பருவம்) தலை. அதுக்கு முன்னாடியே யாரோ ஆல்பெண்டசோல் புழு மருந்து எழுதியிருந்தாங்க, நல்லவேளை வாங்கலை. உயிரோட கண்ணுக்குள்ள இருக்கிற புழுவை மருந்தால கொன்னா, செத்த புழுவிலிருந்து கசியறதே கண்ணை முடிச்சிடும். முதல்ல விட்ரெக்டமி (விட்ரியஸை எடுக்கிற ஆபரேஷன்) பண்ணிப் பையை எடுக்கணும். மூளை எம்ஆர்ஐ கட்டாயம். அந்த ஆள் சுத்த சைவம், ‘பன்னிக்கறியே தொட்டதில்லையே’ன்னாங்க வீட்டுல. கறியில வர்றது குடல் நாடாப்புழு. கண்ணுக்கு வர்றது முட்டை வழியா, மனுஷ மலம் பட்ட பச்சைக் காய்கறியில.

சமையல்கட்டு:
கேஸ் என்கிட்ட இல்ல, ஆனா தடுக்கறதை யாரும் எழுதலையே. பூனை மலத்துல வர்ற ஊசிஸ்ட் அன்னைக்கே தொற்றாது, பழுக்க 1 முதல் 5 நாள் ஆகும். அதனால மணல் தட்டைத் தினம் கொட்டிடணும், கர்ப்பிணி தொடக்கூடாது. கறியோட நடுவுல 67 டிகிரி வந்தா திசுவிலிருக்கிற சிஸ்ட் (ஒட்டுண்ணிக் கூடு) செத்துடும், ஓரம் வெந்தா போதாது. கறி வெட்டின பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்காதீங்க. தோட்ட மண்ணுல கை வச்சா நகத்தடி வரைக்கும் சோப்பு. மினரல் வாட்டர்னு நம்பிக்கிட்டு சாலடைக் குழாய்த் தண்ணியில அலசறவங்களும் இருக்காங்க.

லேசர்_அறை:
என் கேஸ் டியுஎஸ்என், ஒரு கண்ணோட விழித்திரையில புழு ஊர்ந்து கெடுக்கிற நோய். புழு விழித்திரைக்கு அடியில வெளிச்சத்தைக் கண்டா ஓடும். லேசர் குறி வைக்கிறதுக்குள்ள மூணு தடவை இடம் மாறிடுச்சு. மாக்குலாவுக்கு வெளிய வந்த நொடியில நேரா புழு மேலயே அடிச்சது. செத்த பிறகு பெரிசா அழற்சி இல்ல. கண்ணுக்குள்ள புழுவைக் கொல்லக்கூடாதுங்கிற சிஸ்டிசெர்கஸ் கணக்கு இதுக்குப் பொருந்தாது, பிஸ்கேன்.

இன்டைரக்ட்:
தழும்பு விஷயம் ஒத்துக்கிறேன், கோவை. விட்டது ஒண்ணு: சல்ஃபா அலர்ஜின்னா செப்ட்ரான் கூடாது. அதுக்குப் பதிலா கண்ணுக்குள்ளேயே கிளிண்டமைசின் 1 மி.கி., டெக்ஸாமெத்தசோன் 0.4 மி.கி. ஊசி. பைரிமெத்தமின் (டாக்ஸோவுக்கு இன்னொரு மருந்து) பக்கம் போனா ஃபோலிக் மாத்திரை வேண்டாம், ஃபோலினிக்தான். பைரிமெத்தமின் தடுக்கிற என்சைம் இல்லாம ஃபோலிக் வேலைக்கு ஆகாது. வாரா வாரம் பிளேட்லெட் எண்ணணும்.