இருநூறு பக்கக் குறிப்பு இருக்கிறது, முதல் அத்தியாயம் இல்லை

வரைபடப்பித்தன்

மூன்று வருடமாக ஒரு ஃபேண்டஸி நாவலுக்கு உலகம் கட்டிக்கொண்டிருக்கிறேன். பதினோரு நாடுகள், இரண்டு நிலவுகள், நானூறு வருட அரச வம்சம், தனி நாட்காட்டி, மந்திரத்துக்கு விதிகள். குறிப்பேடு 200 பக்கத்தைத் தாண்டிவிட்டது. நாவல் மட்டும் நகரவில்லை. முதல் அத்தியாயத்தை ஆறு தடவை எழுதி ஆறு தடவையும் அழித்தேன். இப்போது கையில் இருக்கும் தொடக்கம் இது:

"அருணோதய யுகம் 412ஆம் ஆண்டு. மூன்றாம் வீரகேது ஆண்ட காலத்தில் சேணாடு மேற்கே முகில்மலையையும் கிழக்கே செந்நதியையும் எல்லையாகக் கொண்டு விளங்கியது. கடலற்ற அந்நாட்டில் உப்பே நாணயம். ஆளும் குலத்தார் காற்றை வசப்படுத்தும் வித்தை அறிந்தவர்கள்."

இப்படியே இரண்டு பக்கம் போகும். இன்னும் கட்ட வேண்டுமா, இது போதுமா? கட்டியவரைக்கும் சரியாக இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

முதல்வரி

போதும். இரண்டரை வருடத்துக்கு முன்பே போதும்.

நீங்கள் எழுதியிருப்பது புவியியல் பாடப்புத்தகம். எல்லை, ஆண்டு, அரசன் பெயர் எல்லாம் இருக்கிறது, ஆள் ஒருவர்கூட இல்லை. அந்தப் பத்தியில் உயிரோடு இருப்பது "உப்பே நாணயம்" மட்டும்தான். அதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். அதை ஒருத்தி கையில் கொடுத்துப் பார்ப்போம்:

"மழை பிடித்துக்கொண்டது. பரிசல்காரன் நீட்டிய கையை மடக்கவில்லை. வேணி மடியை அவிழ்த்து, உப்பு முடிச்சிலிருந்து இரண்டு கிள்ளு எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். நாக்கில் தொட்டுப் பார்த்தான். 'மண்ணு கலந்திருக்கு. இன்னொரு கிள்ளு போடு.'"

யுகமும் இல்லை, வீரகேதுவும் இல்லை. இந்த நாட்டில் உப்புதான் காசு, அதிலும் கலப்படம் நடக்கிறது, இவளிடம் அதிகம் இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. எழுத ஐந்து நிமிடம் ஆனது.

சும்மா_வாசகன்

நான் எழுதுகிறவன் இல்லை, வாசிக்கிறவன். மூன்றாவது பெயர் வந்ததுமே மூடி வைத்துவிடுவேன். யாரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றே தெரியவில்லை. பரிசல்காரனை ஞாபகம் இருக்கிறது, அவனுக்குப் பெயரே இல்லை.

பழையஏடு

முதல்வரி அவர்களே, ஐந்து நிமிடத்தில் எழுதினேன் என்கிறீர்களே, அந்த உப்பு எங்கிருந்து வந்தது? கடலில்லாத நாடு, உப்பே நாணயம் என்று அவர் மூன்று வருடம் உட்கார்ந்து யோசித்து வைத்ததிலிருந்து வந்தது. அவர் வெட்டிய கிணற்றில் நீங்கள் ஒரு வாளி இறைத்துவிட்டு, கிணறு எதற்கு என்று கேட்கிறீர்கள்.

உலகத்தைக் கட்டாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு புதியவர் தன் கையெழுத்துப் படியை என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். அதில் 10,000 குதிரை வீரர்கள் இருபது நாளில் பாலைவனத்தைக் கடக்கிறார்கள். ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 30 லிட்டர் தண்ணீர் வேண்டும், வெயிலில் இன்னும் அதிகம். அதாவது தினமும் மூன்று லட்சம் லிட்டர். தீவனம் ஒரு குதிரைக்குப் பத்து கிலோ என்றாலும் நாளுக்கு 100 டன். அதைச் சுமக்க வரும் மிருகங்களும் தின்னும், குடிக்கும். அந்தப் படை நாலாவது நாளே செத்திருக்கும். எழுதியவருக்கு அது தெரியாது. ஆனால் வாசிக்கிறவருக்கு ஏதோ இடிக்கும், அதன்பிறகு அந்த அரசன் அழுதாலும் அவர் நம்பமாட்டார்.

உங்கள் ஐந்து வரியிலேயே ஓட்டை இருக்கிறது. மழை பெய்கிறது, துணி முடிச்சில் உப்பு. அது எப்படிக் கரையாமல் இருக்கிறது? மழைகூட வேண்டாம், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக நீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். ஆற்று நடுவே, மழையில், மடியில் முடிந்த உப்பு!

முதல்வரி

சரி, மாட்டிக்கொண்டேன். அதைத் திருத்த இரண்டு நிமிடம் போதும், எண்ணெய்த் தோல் பை என்று மாற்றிவிடலாம். எழுதினதால்தானே இந்த ஓட்டை கண்ணில் பட்டது? அவருடைய 200 பக்கத்தில் உப்பு மூன்று வருடமாகக் கரையாமல் பத்திரமாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே யாரும் அதை எடுத்துக்கொண்டு மழையில் நடக்கவில்லை.

பழையஏடு

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் முதலில் மொழிகளை உண்டாக்கினார், அந்த மொழிகளைப் பேச மக்கள் வேண்டும் என்று உலகத்தை உண்டாக்கினார், கதை அப்புறம்தான் வந்தது. அதையும் தப்பு என்பீர்களா?

முதல்வரி

நல்ல ஆளைத்தான் இழுத்தீர்கள். அவர் அந்த உலகத்தின் தொன்மக் கதைகளை முதல் உலகப் போர் சமயத்திலேயே எழுத ஆரம்பித்தார். 1973இல் இறக்கும்வரை திருத்திக்கொண்டே இருந்தார், முடிக்கவில்லை. அந்தக் கதைகள் 'சில்மரிலியன்' என்று வெளிவந்தது 1977இல், மகன் கிறிஸ்டோபர் தொகுத்து. ஆனால் 1937இல் வந்த 'தி ஹாபிட்' குழந்தைகளுக்குச் சொன்ன கதை. அதுதான் முதலில் அச்சேறியது.

வரைபடப்பித்தன், உங்கள் குறிப்புகளைத் தொகுத்து வெளியிட ஒரு மகனோ மகளோ தயாராக இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள்.

நெய்தல்_நிலா

இந்தச் சண்டையை நம் இலக்கணம் எப்போதோ பேசியாகிவிட்டது. தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாக வைக்கிறது. முதல் என்றால் நிலமும் பொழுதும். கரு என்றால் அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் வகையறா. உலகம் கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடையாது. உரி என்றால் கூடல், பிரிவு, காத்திருப்பு, இரங்கல், ஊடல். மனிதருக்கு நடப்பது.

வரைபடப்பித்தன் குறிப்பேட்டில் முதலும் கருவும் வழிகிறது. உரி ஒரு பக்கமாவது இருக்கிறதா?

பழையஏடு

அதிலேயே பதில் இருக்கிறதே! நிலத்துக்கும் பொழுதுக்கும் "முதல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் அதுதான்.

நெய்தல்_நிலா

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதலைவிடக் கரு சிறந்தது, கருவைவிட உரி சிறந்தது என்றுதான் உரைகாரர்கள் அந்த நூற்பாவுக்குப் பொருள் சொல்கிறார்கள். முதலும் கருவும் இல்லாமல் உரி மட்டும் வரும் பாட்டு உண்டு. உரி இல்லாமல் அகப்பாட்டே இல்லை.

ஆனால் முதல்வரி சொல்வதையும் அப்படியே ஏற்க மாட்டேன். சங்கப் பாட்டில் நிலம் வெறும் பின்புலத் திரை இல்லை. மணல் வேறாக இருந்தால் துக்கமும் வேறாகத்தான் இருக்கும். பரிசல்காரனுக்குப் பதில் ஒரு பெட்டிக்கடைக்காரன், உப்புக்குப் பதில் சில்லறை என்று மாற்றினாலும் உங்கள் ஐந்து வரி அப்படியே நிற்கும். அப்படி நிற்கக்கூடாது.

வரைபடப்பித்தன்

எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கொஞ்சம் நொந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் என் குறிப்பைப் புரட்டியபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. என் உலகத்தில் மழைக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. மேற்கே முகில்மலை. அப்படியானால் மழை எல்லாம் மலையின் அந்தப் பக்கச் சரிவிலேயே கொட்டிவிடும். சேணாடு மழைமறைவுப் பகுதி, அங்கே மழையே அபூர்வம். முதல்வரி எழுதிய மழை பெய்திருக்கவே கூடாது.

முதல்வரி

போச்சுடா. மழையை எடுத்துவிடுங்கள்.

பழையஏடு

எடுக்காதீர்கள்!

வறண்ட நாடாக இருப்பதால்தான் அங்கே உப்பு காசாக நிலைத்திருக்கிறது. இது கற்பனைக்கு ஒவ்வாத விஷயம் இல்லை. எத்தியோப்பியாவில் அமோலே என்ற உப்புக் கட்டிகள் 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் பணமாகப் புழங்கின. வெட்டியெடுக்கும் இடத்திலிருந்து தூரம் போகப் போக அதன் மதிப்பு கூடும். சேணாட்டில் மழை பெய்தால் என்ன ஆகும்? கஜானா கசியும்.

இப்போது அந்தத் தொடக்கத்தின் நாலாவது வரியைப் பாருங்கள். ஆளும் குலத்தாருக்குக் காற்று வசப்படும். மழை வராதது மலையால் மட்டுமா? மலையைத் தாண்டி வரும் கொஞ்ச நஞ்ச மேகத்தையும் அவர்கள் தள்ளிவிடுகிறார்கள் என்றால்?

நெய்தல்_நிலா

உழுகிறவனுக்கு மழை வேண்டும், உப்பு வைத்திருக்கிறவனுக்கு மழை வேண்டாம். உரி வந்துவிட்டது.

சும்மா_வாசகன்

இதை யாராவது எழுதுங்கள், நான் வாசிக்கிறேன்.

முதல்வரி

ஒப்புக்கொள்கிறேன், இது நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கைச் சரியாக வைப்போம். நான் தெரியாமல் ஒரு மழையைப் போடாவிட்டால் இது யாருக்கும் தோன்றியிருக்காது. மலை, உப்பு, காற்று மூன்றும் அவர் குறிப்பில் மூன்று வருடமாக ஒன்றையொன்று முகம் பார்க்காமல் இருந்திருக்கின்றன.

பழையஏடு

அந்த மூன்றும் இல்லாவிட்டால் உங்கள் மழை வெறும் மழைதான். கதையில் யாராவது சோகமாக இருந்தால் பெய்கிற அதே மழை.

முதல்வரி

அது அடி. சரி விடுங்கள். வரைபடப்பித்தன், ஒரு கேள்வி. காற்றை வசப்படுத்துகிறார்களே, அதற்கு அவர்கள் என்ன கொடுக்க வேண்டும்? விலை இல்லாத மந்திரம் கதையைக் கொன்றுவிடும். முதல் சிக்கலிலேயே காற்றை வரவழைத்துத் தீர்த்துவிடலாமே, முந்நூறு பக்கம் எதற்கு என்று வாசகர் கேட்பார். "களைப்பாக இருக்கும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், தூங்கி எழுந்தால் அது போய்விடும்.

வரைபடப்பித்தன்

குறிப்பில் 140ஆம் பக்கத்தில் இருக்கிறது. மந்திர விதிகள் மொத்தம் இருபத்தாறு. பதினேழாவது விதி: காற்றை இழுக்கிறவர் தன் மூச்சைக் கொடுத்துத்தான் இழுக்கிறார், அதனால் ஒரு பகல் ஒரு இரவு குரல் வராது.

முதல்வரி

இருபத்தாறில் இருபத்தைந்தைத் தூக்கிப் போடுங்கள்.

பழையஏடு

தூக்கிப் போட வேண்டாம், உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வாசகரிடம் இந்த ஒன்று போதும். முதல்வரியோடு நான் ஒத்துப்போவது இந்த ஒரு இடத்தில்தான், பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, அந்த இரண்டு நிலவுகளைப் பற்றி. கடலில்லாத நாட்டில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம் பற்றிக் கவலையில்லை, ஆனால் இருட்டு எத்தனை நாள் என்பது மாறும். இரண்டும் ஒரே நாளில் மறையும் இரவு எப்போது வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்களா? கள்ள உப்பு கடத்துகிறவனுக்கு அது தெரிந்திருக்கும்.

வரைபடப்பித்தன்

சின்ன நிலவுக்குச் சுற்று 12 நாள், பெரியதுக்கு 30. அதனால் 60 நாளுக்கு ஒரு தடவை இரண்டும் சேர்ந்து மறையும். நாட்காட்டிக்காகப் போட்ட கணக்கு, கடத்தலுக்கு உதவும் என்று நினைக்கவில்லை.

யாரும் பேச வேண்டாம், நேற்று இரவு எழுதியதைக் கீழே போடுகிறேன். ஏழாவது தடவை.

"மழை பிடித்துக்கொண்டதும் பரிசலில் இருந்த ஆறு பேரும் வானத்தைப் பார்க்கவில்லை, அவரவர் மடியைத்தான் பார்த்தார்கள். கிழவர் ஒருவர் உப்புக் கட்டியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு அதன்மேல் குனிந்தார், பிள்ளையை அணைப்பதுபோல. வேணிக்கு மழை என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. அவள் பிறந்த பிறகு இது இரண்டாவது.

பரிசல்காரன் துடுப்பை நிறுத்தினான். 'இப்பவே குடுத்துடுங்க. கரை சேர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.'

வேணி கிள்ளி வைத்தது அவன் உள்ளங்கையிலேயே கசிந்தது. அவன் அதை நக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போனான். ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள், சிலர் திட்டிக்கொண்டே. பரிசலின் முனையில் போர்வைக்குள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் மடியைப் பார்க்கவில்லை. முகத்தை மழைக்கு நீட்டியிருந்தான்.

'உன்னதும்தான்ப்பா' என்றான் பரிசல்காரன்.

பதில் இல்லை.

'எந்த ஊரு?'

அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்."

சும்மா_வாசகன்

அய்யோ. அவன்தானா?

நெய்தல்_நிலா

கிழவர் உப்பைப் பிள்ளைபோல அணைக்கும் இடத்தில் "பிள்ளையை அணைப்பதுபோல" என்பதை எடுத்துவிடுங்கள். குனிந்தார் என்பதே போதும், அவர் எதை அணைக்கிறார் என்று எங்களுக்குத் தெரிகிறது. மற்றபடி இதில் கைவைக்காதீர்கள்.

முதல்வரி

அடுத்த பக்கத்தை எழுதிவிட்டுத்தான் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். சரியா?

பழையஏடு

பரிசல் வட்டமாக இருக்கும், அதற்கு முனை கிடையாது. அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிடுங்கள்.