மறுமொழி: பாலேயின் ‘பாயின்ட்’ – நுனிக்காலா, முனைக்காலா?

வணக்கம்.

ரஷ்ய பாலேக் கலைஞர் அன்னா பாவ்லோவா பற்றிய என் கட்டுரை மூன்று வாரமாக ஒரே சொல்லில் நொண்டிக்கொண்டு நிற்கிறது. பிரெஞ்சில் ‘புவாந்த்’, பாலே வகுப்புகளில் ‘பாயின்ட்’. கால் விரல்களின் நுனிமேல் உடம்பு முழுவதையும் நிறுத்தி ஆடுவது. அதற்கென்று செய்த காலணிக்கும் இதே சொல்தான் அடைமொழி. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்தவை: கட்டைவிரல் நடனம், நுனிக்கால், உகிர்நிலை, குஞ்சிதபாதம். அகராதியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் பாவ்லோவா பற்றிய வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்.

கட்டைவிரல்தான் முதலில் விழுந்தது. அந்த ஆட்டத்தில் கட்டைவிரல் தனியாக எதையும் சுமப்பதில்லை. முதல் இரண்டு மூன்று விரல்கள் சேர்ந்துதான் தாங்குகின்றன. பாவ்லோவாவின் கதையே இங்கேதான் இருக்கிறது. அவருக்கு மெலிந்த கணுக்கால், வில் மாதிரி வளைந்த பாதம். பாரமெல்லாம் கட்டைவிரலில் போய் விழும் அமைப்பு. 1891இல் பத்து வயதில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரச பாலே பள்ளியில் சேர்ந்தபோது, கட்டுமஸ்தான இத்தாலிய ஆட்டக்காரிகளைத்தான் ஊர் கொண்டாடிக்கொண்டிருந்தது. சலவைத் தொழிலாளியின் மகள், குச்சி மாதிரி பிள்ளை. கூடப் படித்தவர்கள் ‘துடைப்பம்’ என்று கேலி செய்தார்களாம். அவர் பிற்பாடு என்ன செய்தார் என்றால், காலணியின் அடியில் கெட்டித் தோல் வைத்து, முனையையும் தட்டையாக்கிக் கெட்டிப்படுத்திக்கொண்டார். கட்டைவிரல் மட்டும் சுமக்கக்கூடாது என்பதற்காகவே செய்த வேலை அது. அதை எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘கட்டைவிரல் நடனம்’ என்று போட்டால் வாசகர் சிரிப்பார்.

குஞ்சிதபாதத்தை முன்வைத்த அம்மா நடன ஆசிரியர். குதிகால் உயர்ந்து விரல் வளைந்த பாதத்துக்கு நாட்டிய சாத்திரம் தரும் பெயர் அது என்கிறார்கள். சரிதான். ஆனால் தமிழில் அந்தச் சொல்லைப் படித்தவுடன் தில்லைதான் கண்ணில் நிற்கும். அது தூக்கிய திருவடி, காற்றில் இருப்பது. நமக்கு வேண்டியது ஊன்றிய கால். நேர் எதிராகப் போய்விடும்.

அதே அம்மா போகிற போக்கில் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உதவியது: பரதநாட்டியத்தின் குதித்துமெட்டு அடவு. முன்பாதத்தில் குதித்து நின்று, குதிகாலால் மெட்டுவது. அங்கே விரல்கள் தரையில் படிந்திருக்கும், குதிகால் மட்டும் மேலே. பூனைபோல நடப்பவரைப் பார்த்து ‘நுனிக்காலில் நடந்து வந்தான்’ என்று நாம் சொல்வதும் இதைத்தான். ஆக, நுனிக்காலுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. பாலேயில் இதற்குப் பெயர் ‘அரைப் பாயின்ட்’. முழுப் பாயின்ட் அதற்கும் மேலே ஒரு படி: விரல்களே செங்குத்தாகிவிடும்.

என் பரிந்துரை: அரைக்கு நுனிக்கால், முழுதுக்கு முனைக்கால். நுனி என்றால் ஒடுங்கும் பகுதி, முனை என்றால் அது முடியும் இடம். ‘நுனிக்காலில் நின்றார்’ போலவே ‘முனைக்காலில் நின்றார்’ என்றும் வரும். நாக்கு தடுக்கவில்லை. மேலே எழும் அசைவுக்கு எக்குதல். பரணில் இருக்கும் டப்பாவை எக்கி எடுப்பவர்கள் நாம். அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. உகிர்நிலை அழகுதான். ஆனால் உகிர் என்றால் நகம் என்று அடைப்புக்குறியில் சொல்ல வேண்டியிருக்கும் சொல்லை வைத்து என்ன செய்வது?

அடுத்தது காலணி. போன மாதம் அக்கா மகளுடைய பழைய ஜோடி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளியே ரோஸ் நிறச் சாட்டின். முனையை நகத்தால் தட்டினால் கொட்டாங்கச்சி மாதிரி டொக் டொக் என்கிறது. மரம் என்று நினைத்திருந்தேன். இல்லை. துணி, காகிதம், பசை. அடுக்கடுக்காக ஒட்டிக் காய்ந்து இறுகியது. புதிது வந்ததும் அதைப் படிக்கட்டில் அடித்து, அடியில் ஓடும் பட்டையை வளைத்து, நாடாவைத் தாங்களே தைத்துப் பழக்குவார்களாம். அடிக்காவிட்டால் மேடையில் சத்தம் கேட்கும். வியர்வையில் பசை இளகினால் ஆயுள் முடிந்தது. பெரிய குழுக்களில் ஒரே இரவில் ஒரு ஜோடி போய்விடும்.

அந்தக் கெட்டி முனைக்கு ஆங்கிலத்தில் ‘பாக்ஸ்’. பெட்டி என்று எழுத மனம் வரவில்லை. மாட்டுக் கொம்பின் முனையில் பித்தளையில் மாட்டுவோமே, குப்பி, அது எப்படி? நுனியைப் பொதிந்து காப்பது, மூடியது, கெட்டியானது. காலணிக்குக் குப்பிக் காலணி. கருத்து சொல்லுங்கள்.

*

அண்ணா, வணக்கம்.

முனைக்கால் நல்லாயிருக்கு. குப்பி வேண்டாம். கொம்புக் குப்பி எனக்கும் தெரியும், அம்மப்பா வீட்டில் வண்டில் மாடு இருந்தது. ஆனால் எங்கட ஆட்களுக்குக் குப்பி என்றால் கழுத்தில் கட்டியிருந்த சயனைட் குப்பிதான். வேறொன்றும் நினைவுக்கு வராது. ஒரு ஆட்டக்காரியின் காலில் அதைக் கட்டி வாசிக்க என்னால் ஏலாது.

உலக்கைக்கு அடியில் இரும்பு போட்டிருப்பார்களே, பூண். அதைப் பாருங்கோ. காலணி என்று எழுதினாலும் சரி, சப்பாத்து என்று எழுதினாலும் சரி, பூண் இரண்டோடும் ஒட்டும்.

அப்புறம் ஒன்று கேட்க வேணும். பாலேரினாவை என்ன செய்யப் போகிறீர்கள்? நாட்டிய நங்கை, நடன மங்கை எல்லாம் போட்டு எங்களைக் கொல்ல வேண்டாம்.

*

தம்பி, குப்பியைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பொருள் எனக்குத் தெரியாதது இல்லை. எழுதும்போது மாடு மட்டும்தான் மனத்தில் இருந்தது. மன்னிக்க வேண்டும்.

பூண் குப்பியைவிடவே நல்ல சொல். உலக்கையில் மரம் தேயாமலும் பிளக்காமலும் இருக்க, இடி விழும் முனையில் போடுவது. கைத்தடியின் அடியில் இருப்பதும் பூண்தான், அது மூடியே இருக்கும். குப்பி அலங்காரத்துக்கும் மாட்டுவது. பூண் உழைக்கும் முனைக்குப் போடுவது. பாலேக் காலுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். ‘பூண்காலணி’ என்றால் ‘பூணுகிற காலணி’ என்று யாராவது படிக்கலாம் என்பது ஒன்றுதான் உறுத்தல். படித்தால் படிக்கட்டும், அதுவும் தப்பில்லை.

வரலாற்றோடும் ஒத்துப்போகிறது. 1832இல் பாரிசில் ‘லா சில்ஃபீத்’ என்ற பாலேயை ஆடிய மரீ டாக்லியோனி முனைக்காலில் நின்றார், ஆனால் அவர் காலில் பூண் இல்லை. மெத்தென்ற சாட்டின் செருப்பின் ஓரத்திலும் முனையிலும் நூலோட்டிக் கெட்டிப்படுத்தியிருந்தார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கால் பலம். பூண் பிறகு வந்தது. பாவ்லோவா தன் பூணை இன்னும் தட்டையாக்கியபோது, அது ஏமாற்று என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவருடைய நிழற்படங்களில் அந்த அகலம் தெரியாதபடி முனையைக் கூராகத் திருத்திவிடுவார்கள் என்றும் சொல்வதுண்டு. முனைக்கால் என்பது நிலை, பூண் என்பது கருவி. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால்தான் இந்தப் பத்தியையே எழுத முடியும். ‘பாயின்ட்’ ஒன்றையே இரண்டுக்கும் வைத்திருந்தவரை என் கட்டுரையில் டாக்லியோனி உள்ளே வர முடியாமல் வெளியே நின்றார்.

பாலேரினா விஷயத்துக்கு வருகிறேன். ஆடும் பெண் எல்லோரும் பாலேரினா என்று நாம் நினைத்திருக்கிறோம். பாவ்லோவா வேலை பார்த்த மாரின்ஸ்கி அரங்கில் அது ஒரு பதவி. 1899இல் பள்ளி முடித்துச் சேர்ந்தவர் படிப்படியாக ஏறி 1906இல் பிரிமா பாலேரினா, அதாவது முதன்மை பாலேரினா ஆனார். பதவி என்றதும் எனக்குத் தோன்றியது தலைக்கோலி. மாதவி அரங்கேறித் தலைக்கோல் பெற்றதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சோழர் கல்வெட்டுகளிலும் ஆடல்மகளிருக்குத் தலைக்கோலிப் பட்டம் வருகிறது. ஆட்டக்காரிக்கு அரசு தரும் தகுதிப் பெயர், ரஷ்யாவில் இருந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

ஆனாலும் போட மாட்டேன். ‘பாவ்லோவா தலைக்கோலி ஆனார்’ என்று எழுதிப் பார்த்தேன். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மறைந்து புகார் வந்து உட்கார்ந்துவிட்டது. முனையும் பூணும் எந்த ஊரிலும் இருக்கும் பொருள்கள், அவை பயணம் போகும். தலைக்கோல் போகாது. பிரிமா பாலேரினா அப்படியே இருக்கட்டும், மற்ற இடங்களில் ‘பாலேக் கலைஞர்’ போதும்.

நம் பக்கத்துத் தொடர்பைக் கேட்டவர்களுக்கு: ருக்மிணி தேவி பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பம்பாயில் பார்த்தார், 1928இல். பிறகு ஆஸ்திரேலியா போகும் கப்பலில் இருவரும் ஒன்றாகப் போனார்கள். பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்றார். உன் நாட்டுக் கலையைப் போய்த் தேடு என்று பாவ்லோவா தூண்டியதையும் சேர்த்திருக்கிறேன். கலாக்ஷேத்ராவை நிறுவியவர் முதலில் முனைக்காலில் நிற்கப் பழகியவர் என்று எழுதலாமா என்று ஆசை வந்தது. பூண்காலணி வரை போனாரா என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் சொன்னால்தான் எழுதுவேன்.

கடைசியாக, நடன அமைப்பாளர் மிகயீல் ஃபோக்கின் பாவ்லோவாவுக்காக அமைத்த ‘இறக்கும் அன்னம்’ பத்தியைப் புதுச் சொற்களோடு மாற்றிவிட்டேன்: “சில நிமிட ஆட்டம். ஏறக்குறைய முழுவதும் முனைக்காலில், பொடிப்பொடி அடிகளாக. தாவல் இல்லை, சுழற்சி வித்தை இல்லை. கைகள் சிறகாக அடித்துக்கொள்ள, கீழே இரண்டு பூண்களும் தரையை விடாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில்தான் உடல் மடிந்து தரையில் சாயும்.”

அந்தப் ‘பொடிப்பொடி அடி’ பாலேயில் ‘பூரே’ என்ற தனிச்சொல். நடன அம்மா, உங்கள் வகுப்பில் இப்படி ஓட்டமும் நடையுமாகப் போவதற்கு என்ன சொல்வீர்கள்? ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும்.