மறு: ஃபுட்டி 'பர்சன்டேஜ்' – சதவீதம் போதுமா, புதுச்சொல் வேண்டுமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஃபுட்டி எனப்படும் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தின் புள்ளிவிவரம் பற்றி நான் எழுதும் கட்டுரைக்காக, அதில் வரும் 'பர்சன்டேஜ்' என்ற எண்ணுக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். இதுவரை வந்த பரிந்துரைகள்: சதவீதம், விழுக்காடு, நிகரப் புள்ளி, புள்ளி விகிதம். எல்லாவற்றையும் கட்டுரைக்குள் வைத்து வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வசதியாக இருக்கும்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் சில வரிகள். அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டத்தில் நடுவே நிற்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் கோல், 6 புள்ளி. இருபக்கமும் உள்ள குட்டைக் கம்பங்களுக்குள் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. இந்த ஆட்டத்தின் முதன்மைத் தொடரான ஏஎஃப்எல்லில் 18 அணிகள். ஆட்டம் வென்றால் பட்டியலில் 4 புள்ளி, சமனென்றால் 2. பட்டியலில் இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் யார் மேலே என்று தீர்ப்பது பர்சன்டேஜ். பருவம் முழுக்க எடுத்த மொத்தத்தை, எதிரணிகளுக்கு விட்ட மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான். 100 என்றால் எடுத்ததும் விட்டதும் சமம்.

> சதவீதம் என்றே எழுதலாமே? எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு ஏதோவாகப் புரியும். 2022-ல் ஜீலோங் அணியின் பர்சன்டேஜ் 144.2. 'ஜீலோங்கின் சதவீதம் 144.2' என்று எழுதினால், எதில் சதவீதம் என்ற கேள்வி உடனே வரும். வென்ற ஆட்டங்களின் சதவீதம் என்று நினைப்பவர்தான் அதிகம் இருப்பார். அது 22-க்கு 18, நூறைத் தாண்டவே முடியாது. இன்னொன்று கோல் துல்லியம், அதையும் இங்கே சதவீதமாகவே சொல்கிறார்கள். ஒரே பத்தியில் இந்த மூன்றும் வரும்போது மூன்றுக்கும் ஒரே பெயர் என்றால் வாசகர் பாவம். விழுக்காட்டுக்கும் இதே சிக்கல்தான்.

துல்லியம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2008 இறுதியாட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஜீலோங் அந்தப் பருவத்தில் 22 ஆட்டங்களில் 21-ஐ வென்றது. இறுதியில் ஹோதோர்ன் 18 கோல் 7 பிஹைண்ட், ஜீலோங் 11 கோல் 23 பிஹைண்ட். அதாவது ஜீலோங்கின் கணக்கில் 34 தடவை புள்ளி ஏறியது, ஹோதோர்னுக்கு 25 தடவைதான். ஆனாலும் 115-க்கு 89 என்று ஹோதோர்ன் கோப்பையைக் கொண்டுபோனது. அந்த 23-இல் 11 பிஹைண்டுகள் ஹோதோர்ன் ஆட்டக்காரர்களே பந்தைத் தங்கள் கம்பங்களுக்குள் தள்ளிக் கொடுத்தவை. ஆறு புள்ளி போவதற்கு ஒன்று போகட்டும் என்கிற கணக்கு! அடுத்த பருவத்திலேயே விதியை மாற்றி, வேண்டுமென்று அப்படிச் செய்தால் தண்டனை உதை என்று வைத்துவிட்டார்கள். (இங்கே பத்திரிகையில் இதை 11.23 என்று அச்சிடுவார்கள். தமிழில் அப்படியே போட்டால் தசமம் என்றுதான் வாசிப்போம். நான் 'கோல்', 'பிஹைண்ட்' என்று விரித்தே எழுதப்போகிறேன்.)

> கிரிக்கெட்டில் நிகர ஓட்ட விகிதம் இருக்கிறதே. அதே வார்ப்பில் நிகரப் புள்ளி?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிரிக்கெட் கணக்கு கழித்தல், இது வகுத்தல். 'நிகர' என்றாலே வரவில் செலவைக் கழித்து மிஞ்சியது என்றுதான் நமக்குப் படும். ஓர் அணி இதுவரை 1800 எடுத்து 1600 விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்தை 60-30 என்று வென்றால் பர்சன்டேஜ் 114.1 ஆகும். 120-90 என்று வென்றால் 113.6. இரண்டிலும் வித்தியாசம் 30 தான். மழை பெய்து பந்து வழுக்கும் நாளில் எதிரணியை முப்பதுக்குள் மடக்கியதற்கு இந்தக் கணக்கு கூடுதல் மதிப்புக் கொடுக்கிறது. கழித்தலில் அது தெரியாது. ஆகவே சொல்லில் 'நிகர' வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

'புள்ளி விகிதம்' கணக்கைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் 'புள்ளி' ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது: ஆட்டத்தில் எடுப்பதும் புள்ளி, பட்டியலில் சேர்வதும் புள்ளி. போதாததற்குக் கட்டுரையின் தலைப்பிலேயே 'புள்ளிவிவரம்' இருக்கிறது. இலங்கை வாசகருக்கோ பரீட்சையில் வாங்குவதும் புள்ளிதான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டும், ஏனென்றால் கட்டுரையே இந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது. வெற்றிக் கணக்கு நடந்ததைச் சொல்லும், அணியின் பலத்தைப் பர்சன்டேஜ்தான் காட்டும். 2022 கொலிங்வூட்டைப் பாருங்கள். 16 வெற்றி, 6 தோல்வி, பட்டியலில் நான்காம் இடம். தொடர்ந்து 11 ஆட்டம் வென்றார்கள். அவற்றில் பலவும் இரண்டு கோல் இடைவெளிக்குள். எசெண்டனோடு ஆடியதில் ஆட்டம் முடியும் சைரன் ஒலித்த பிறகு ஜேமி எலியட் உதைத்த கோலால் வென்றார்கள், மைதானமே எழுந்து நின்றது. ஆனால் பர்சன்டேஜ் 104.3. எட்டாம் இடத்தில் இருந்த வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு 108.9. ஒன்பதாவதாக வந்து இறுதிச் சுற்றுக்கே போகாத கார்ல்டனுக்குக்கூட 108.3. அதாவது, அதிகம் வென்ற அணிகளில் ஒன்றாக இருந்தும், எடுத்ததற்கும் விட்டதற்கும் இடையே அவர்களிடம் அதிக இடைவெளி இல்லை.

அதிர்ஷ்டம் என்று அன்று நிறையப் பேர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். இறுதிச் சுற்றில் ஜீலோங்கிடம் 6 புள்ளியில் தோற்று, ஃப்ரீமாண்டிலை வென்று, சிட்னியிடம் ஒரே ஒரு புள்ளியில், 95-94 என்று, வெளியேறினார்கள். நெருக்கமான ஆட்டம் ஆடத் தெரிந்த அணிதான். ஆனால் அப்படிப்பட்ட ஆட்டங்களில் எந்தப் பக்கமும் சாயலாம், அடுத்த பருவமும் அப்படியே சாயும் என்று நம்பிப் பணம் கட்டக்கூடாது. 144.2 வைத்திருந்த ஜீலோங் அதே சிட்னியை இறுதியில் 81 புள்ளி இடைவெளியில் நொறுக்கியது. ஜீலோங்கையும் கொலிங்வூட்டையும் வெற்றிக் கணக்கில் மட்டும் பார்த்தால், 18-ம் 16-ம், பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும்.

என் பரிந்துரை: 'பெறு-விடு விகிதம்'. பந்துவீச்சாளர் ஓட்டங்களை விட்டுக்கொடுத்தார் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அந்த 'விடு'தான். கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மெல்பேர்ணிலிருந்து

* * *

தம்பிக்கு,

விளக்கம் தெளிவு. கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, விகிதமா வீதமா என்று குழுவில் சிலர் தடுமாறுகிறார்கள். ஒரே அலகுள்ள இரண்டை ஒப்பிட்டால் விகிதம்: புள்ளிக்குப் புள்ளி. வெவ்வேறு அலகென்றால் வீதம்: ஓவருக்கு இத்தனை ஓட்டம், கிலோவுக்கு இத்தனை ரூபாய். வட்டிக்குத் தமிழ்நாட்டில் நாங்கள் விகிதம் என்கிறோம், இலங்கையில் வீதம் என்கிறீர்கள். அந்தக் குழப்பம் தீராது, விடுங்கள். உங்கள் கணக்கு விகிதம்தான். நூறால் பெருக்குவது வசதிக்கு.

இரண்டு, 'பெறு' எனக்கு ஒட்டவில்லை. பரிசு பெறுவோம், பட்டம் பெறுவோம், யாரோ கொடுத்து வாங்குகிற மாதிரி இருக்கிறது. ஓட்டம் எடுத்தார், மதிப்பெண் எடுத்தான் என்றுதானே பேசுகிறோம்? நீங்களே உங்கள் மடலில் 'எடுத்த மொத்தம், விட்ட மொத்தம்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதையே சுருக்கி 'எடுவிடு விகிதம்' என்று வையுங்கள். எதுகையும் விழுகிறது. நடுவில் கோடு வேண்டாம். ஏவல்போல ஒலிக்கிறதே என்று யாராவது கேட்டால், ஏறுவரிசை, இறங்குவரிசை என்று சொல்லும்போது யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம். ஒரே ஆட்டத்தில் பலவீனமான அணியைப் போட்டு அடித்தால் மொத்தமும் உப்பிவிடாதா? ஆட்டத்துக்கு ஆட்டம் விகிதம் எடுத்துச் சராசரி போட்டால் என்ன?

* * *

ஐயா, வணக்கம்.

'எடுவிடு விகிதம்' பிடித்துவிட்டது. வாய்க்குள் உருட்டிப் பார்த்தாலும் நிற்கிறது. 'எடுவிடு 144' என்று சுருக்கியும் எழுதலாம், பட்டியலின் தலைப்பில் நீளச் சொல்லுக்கு இடமில்லை.

சராசரி இன்னும் மோசமாகிவிடும். ஓர் அணி ஒரு ஆட்டத்தை 120-30 என்று வென்று, அடுத்ததை 60-90 என்று தோற்றால், மொத்தத்தில் எடுத்தது 180, விட்டது 120, விகிதம் 150. ஆட்டவாரியாகப் போனால் 400-உம் 66.7-உம் வந்து, சராசரி 233 ஆகிவிடும். பெரிய வெற்றி ஒன்று அங்கேதான் உண்மையில் உப்பும். ஏஎஃப்எல் மொத்தத்தை எடுத்து வகுப்பது அந்த வகையில் நல்லது.

ஆனால் உப்பாது என்று சொல்லமுடியாது. இப்போது ஒவ்வோர் அணிக்கும் 23 ஆட்டம், எதிரணிகளோ 17. அதனால் ஆறு அணிகளை இரண்டு தடவை சந்திக்க வேண்டும். அந்த ஆறில் பலவீனமானவை கூடுதலாக விழுந்தால் விகிதம் சும்மாவே ஏறும். அதனால் கட்டுரையில் மொத்த எடுவிடு விகிதத்துக்குப் பக்கத்தில், முதல் எட்டு அணிகளுக்கு எதிரான ஆட்டங்களில் மட்டும் அது எவ்வளவு என்று இன்னொரு நிரல் போடுகிறேன். ஓர் அணியை எடைபோட எனக்கு முக்கியம் அந்த நிரல்தான்.

இந்த எண் எவ்வளவு நுணுக்கமாகத் தீர்ப்புச் சொல்லும் என்பதற்கு 2017-ஐயும் சேர்க்கிறேன். வெஸ்ட் கோஸ்ட், மெல்பேர்ண் இரண்டுமே 12 வெற்றி, 10 தோல்வி. எடுவிடு விகிதம் 105.7, 105.2. முன்னது எட்டாவதாக இறுதிச் சுற்றுக்குள் போனது, மெல்பேர்ண் வீட்டுக்குப் போனது. 1900 புள்ளி விட்ட அணிக்கு 0.5 என்பது பத்துப் புள்ளிகூட இல்லை. 22 ஆட்டத்தில் இரண்டு கோலுக்குக் குறைவு!

எதிர்ப்பக்கமும் கட்டுரையில் இருக்கும். 2016-ல் புல்டாக்ஸ் ஏழாவதாக வந்து கோப்பையை வென்றது. 2024-ல் பட்டியலில் முதலிடம் சிட்னிக்கு, கோப்பை ஐந்தாவதாக வந்த பிரிஸ்பேனுக்கு, அதுவும் 120-60 என்று. பருவம் முழுவதற்குமான எண்ணை வைத்து ஓர் இறுதியாட்டச் சனிக்கிழமையைச் சொல்ல வெளிக்கிட்டால் இப்படித்தான் மூக்குடைபடும்.

மற்றபடி கோல் கோலாகவே இருக்கட்டும். பிஹைண்டுக்கு 'ஓரப்புள்ளி' என்று ஒருவர் சொன்னது அழகு, அடைப்புக்குறி இல்லாமலே புரிகிறது, எடுத்துக்கொள்கிறேன். 'இன்சைடு ஃபிஃப்டி'தான் இன்னும் பாக்கி: எதிர்முனையில் கோல் வரிசையிலிருந்து 50 மீட்டரில் போட்டிருக்கும் வளைகோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோன தடவைகளின் எண்ணிக்கை. 'உள்நுழைவு' என்றால் இணையதளத்தில் கடவுச்சொல் கேட்கிற மாதிரி இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்து நண்பர்கள் அங்கே வாருங்கள், வளைகோட்டுக்கு உங்கள் பாடநூல்களில் என்ன சொல் என்று தெரியவேண்டும்.

அன்புடன்,
மெல்பேர்ணிலிருந்து