என் மேசையில் உட்காரும் ஐந்து பேரைப் பற்றி

பகடைக்காரன்:
ஆறு ஆண்டுகளாக ஒரே கதையை நடத்திவருகிறேன். ஆட்டம் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு. புதிதாக வருபவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: நான் டன்ஜியன் மாஸ்டர். உலகத்தையும் அதில் உள்ள அரசன், வணிகன், அரக்கன் எல்லோரையும் பேசவைப்பது என் வேலை. மற்ற ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். ஒரு காரியம் பலிக்குமா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்போம்.

போன சனிக்கிழமை பாலம் காக்கும் பூதத்தோடு ஒரு பெரிய சண்டை வைத்திருந்தேன். மூன்று வார உழைப்பு. பாலத்தின் வரைபடம், அடியில் பதுங்கியிருக்கும் வில்லாளிகள், அறுந்து விழத் தயாராக ஒரு கயிறு. திருடனாக ஆடுபவர் வந்து நின்றதும் பூதத்திடம் கேட்ட முதல் கேள்வி: "உனக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?" நான் அதை யோசித்ததே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "ஏழு மாதமாக யாரும் கொடுக்கவில்லை." அவ்வளவுதான். அடுத்த இரண்டரை மணி நேரம் பூதத்தின் சம்பளப் பாக்கிக்காக நகர மன்றத்துக்கு மனு எழுதினார்கள். வில்லாளிகள் இன்னும் பாலத்துக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டம். மன்றத்தில் யாராவது பேச வேண்டும். பாணர் பாத்திரம் ஆடுபவருக்குத்தான் பேச்சுத் திறன் எண் அதிகம்; எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர், "மனுவை எழுதியது பூசாரிதானே, அவரே படிக்கட்டும்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பூசாரியாக ஆடுபவர் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதுவரை பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். எழுந்து நின்று படித்தார். குரல் நடுங்கியது. பகடையில் விழுந்தது நான்கு. மனு தள்ளுபடி. ஐந்து பேரும் வெற்றி பெற்றதுபோலக் கைதட்டினார்கள். பூதம் இப்போது எங்களோடு பயணம் செய்கிறது.

ஒரு மேசை நன்றாக இருந்தால் பாராட்டெல்லாம் டன்ஜியன் மாஸ்டருக்குப் போய்விடுகிறது. எனக்கு அது உறுத்துகிறது. அன்று என் உழைப்பில் ஒரு துளிகூடப் பயன்படவில்லை. ஆறு ஆண்டுகளில் எனக்கு மிகப் பிடித்த இரவு அதுதான்.

கோட்டைவாசல்:
பந்தி பரிமாறியவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான், சாப்பிட்டு எழுந்தவர்களுக்குப் பொன்னாடையா? என் கணக்கைச் சொல்கிறேன். நான்கு மணி நேர ஆட்டத்துக்கு ஆறு மணி நேரத் தயாரிப்பு. புத்தகம் வாங்குவது நான். நாள் குறிப்பது நான். வர முடியாதவருக்காக நாளை மாற்றுவதும் நான். ஆட்டக்காரர்கள் கொண்டுவருவது ஒரு பென்சில். அதுவும் பாதி நாள் என் பென்சில்.

உங்கள் திருடன் கேட்ட கேள்வி அருமை, மறுக்கவில்லை. ஆனால் "ஏழு மாதம்" என்ற பதில் யாருடையது? அந்தப் பதில் வராமல் போயிருந்தால் கேள்வி அந்தரத்தில் தொங்கியிருக்கும்.

நடுநிசி வண்டி:
பூதத்தின் பெயர் என்ன?

பகடைக்காரன்:
நான் வைக்கவில்லை. அவர்கள் வைத்தார்கள். கணக்குப்பிள்ளை.

தாயக்கட்டை:
கோட்டைவாசல் ஐயா, இந்த விளையாட்டு பிறந்த கதையே உங்களுக்கு எதிரான சாட்சி.

1969-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். களம், பிரௌன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர். படைத்தலைவர்களோடு நிற்காமல் ஊர்க்காரர்களுக்கும் வேடம் கொடுத்தார். ஆட்டக்காரர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கவில்லை. மூலைக்கு மூலை கூடிப் பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது, தோல்வி என்றே வெஸ்லி நினைத்தார். அவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டு நின்றார்கள். நடத்தியவரே தோல்வி என்று எண்ணியதைத் தூக்கி நிறுத்தியவர்கள் ஆட்டக்காரர்கள்.

அந்த வட்டத்தில் ஒருவர் டேவ் ஆர்னசன். பிறகு அதே பாணியில், இக்காலக் கதைக்களத்தில் நடந்த ஒரு பிரௌன்ஸ்டைனுக்கு அமெரிக்க உளவுத்துறையின் போலி அடையாள அட்டையைச் செய்து எடுத்துவந்து, மற்ற எல்லோரையும் நம்பவைத்துக் கவிழ்த்தார். யாரும் அவரை அட்டை செய்துவரச் சொல்லவில்லை. அவர்தான் 1971-இல் பிளாக்மூர் என்ற உலகத்தை நடத்தத் தொடங்கி, பிறகு கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974-இல் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர். முதலில் ஆட்டக்காரர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பகடைக்காரன் மேசையின் அந்தப் பூசாரி எங்கிருந்து வந்தார் தெரியுமா? பிளாக்மூரில் ஒரு ஆட்டக்காரரின் பாத்திரம் சர் ஃபாங் என்ற இரத்தக்காட்டேரியாகி, யாருக்கும் அடங்காமல் வளர்ந்துகொண்டே போனது. அதற்கு ஈடுகொடுக்க ஒரு பூசாரி தேவைப்பட்டார். மைக் கார் அந்தப் பூசாரியாக ஆடினார். இன்று விதிப்புத்தகத்தில் கிளெரிக் என்று இருப்பது அதன் வழித்தோன்றல்.

கைகாக்ஸ் நடத்திய கிரேஹாக் மேசையும் அப்படித்தான். அவர் மகன் எர்னி ஆடிய மந்திரவாதியின் பெயர் டென்சர். எர்னஸ்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் வரும். அதே மேசையில் ஆடிய ஜிம் வார்டு தன் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாக எழுதி டிராமிஜ் ஆனார். இருவர் பெயராலும் மந்திரங்கள் ஐந்தாம் பதிப்பு வரை வாழ்கின்றன. சனிக்கிழமை யாராவது டென்சரின் மிதக்கும் தட்டு மந்திரத்தைப் போட்டால், ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு பையனின் பெயரைச் சொல்லித்தான் போடுகிறார்கள்.

கோட்டைவாசல்:
பாதிக் கதையைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறீர்கள். அதே பிளாக்மூரில் ஆட்டக்காரர்கள் புதையல் ஆசையில் நிலவறைக்குள்ளேயே கிடந்தார்கள். காக்க வேண்டிய கோட்டையை யாரும் கவனிக்கவில்லை. எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள், வீரர்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அந்தத் தோல்வியையும் புதுக் கதையாக்கி ஆட்டத்தைத் தொடரவைத்தது ஆர்னசன். இது யார் திறமை?

1974-இல் ஆட்டம் விற்பனைக்கு வந்த பெட்டியில் ஆசிரியர்களாக இரண்டு பெயர்கள்தான். அந்த உரிமைக்காக ஆர்னசன் 1979-இல் வழக்குப் போட்டு, 1981-இல் சமரசம் ஆனது. உழைத்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். பென்சில் கொண்டுவந்தவர்கள் யாரும் போகவில்லை.

தாயக்கட்டை:
அந்தப் பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள் இருந்தன. முதல் புத்தகத்தின் சமர்ப்பணத்தைப் படியுங்கள். அதற்கு முந்தைய செயின்மெயில் என்ற போர் விளையாட்டின் விதிகளை உற்சாகத்தோடு ஆடி, விரித்துக்கொண்டு போன ஆட்டக்காரர்களுக்கு நன்றியோடு சமர்ப்பித்திருக்கிறார்கள். உங்கள் பென்சில்காரர்களுக்கு.

இன்னொன்றும் கேட்கிறேன். டன்ஜியன் மாஸ்டரே இல்லாத ஆட்டங்கள் உண்டு. 2009-இல் ஜேசன் மார்னிங்ஸ்டார் எழுதிய ஃபியாஸ்கோவில் எல்லோரும் ஆட்டக்காரர்கள்தான். ஆட்டக்காரரே இல்லாத ஆட்டம் ஒன்றைக் காட்டுங்கள்.

கோட்டைவாசல்:
தனியாக ஒருவரே ஆடும் ஆட்டங்கள் இருக்கின்றனவே.

தாயக்கட்டை:
அங்கே உட்கார்ந்திருப்பவரை என்னவென்று அழைப்பீர்கள்?

மூன்றாம் ஜாமம்:
நீங்கள் மூவரும் நடத்துபவர்கள் என்று தெரிகிறது. நான் பதினொரு ஆண்டுகளாக ஆட்டக்காரி மட்டுமே. எனக்கு "அருமையான குழு" என்ற சொல்லைக் கேட்டாலே சற்றுப் பயம்.

அப்படிப்பட்ட ஒரு குழுவில் ஒருமுறை சேர்ந்தேன். எட்டு ஆண்டுப் பழக்கம் அவர்களுக்குள். ஒருவர் "வாத்து" என்பார், நால்வர் சிரித்து உருளுவார்கள். என்ன வாத்து என்று கேட்டால், "அது பெரிய கதை, அப்புறம் சொல்கிறோம்." நான் விலகும்வரை அந்த அப்புறம் வரவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒருவரையொருவர் மெச்சிக்கொள்வார்கள். அந்த மெச்சுதலே சுவராகிவிட்டது. ஐந்தாவது வாரம் உடம்பு சரியில்லை என்று சொல்லி நின்றுவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

பகடைக்காரன், உங்கள் ஐந்து பேர் பற்றிய கதையில் எனக்குப் பிடித்தது பூதமும் இல்லை, மனுவும் இல்லை. பாணர் நாற்காலியில் சாய்ந்தாரே, அது. என் குழுவில் அப்படிச் சாய யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கெட்டிக்காரர்கள், எல்லோரும் முன்னால் குனிந்தபடியே இருந்தார்கள்.

வில்லடி:
நான் நெல்லைப் பக்கம். சின்ன வயதில் கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டவன். புலவர் கதை சொல்லும்போது பக்கத்தில் ஒருவர் "ஆமாம்" போட்டுக்கொண்டே இருப்பார். பார்த்தால் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அவர் "ஆமாம்" ஒரு நொடி தாமதித்தால் புலவர் தடுமாறிப்போவார். எங்கே "ஆமாம்", எங்கே "அப்படியா", எங்கே ஒன்றும் சொல்லாமல் விடுவது என்பது தனி வித்தை. எங்கள் ஊரில் ஆமாம் போடுபவர் வராத இரவில் கதை பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது.

மூன்றாம் ஜாமம் சொன்ன சாய்தல் அந்த வித்தைதான் என்று எனக்குப் படுகிறது. பகடையாட்டத்தில் நான் கற்றுக்குட்டி. தவறாக இருந்தால் திருத்துங்கள்.

கோட்டைவாசல்:
வில்லடி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த வித்தை எத்தனை பேருக்கு இருக்கிறது? இந்த ஆட்டத்தை இணையத்தில் ஆடிக் காட்டும் கிரிட்டிகல் ரோல் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் ஆடுபவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள். 2012-இல் நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்காக வீட்டில் தொடங்கி, 2015-இல் ஒளிபரப்புக்கு வருவதற்கு முன்பே சேர்ந்து ஆடிப் பழகியவர்கள். அதைப் பார்த்தவர்கள் என் மேசையில் உட்கார்ந்து குரலை மாற்றிப் பேசுகிறார்கள், கண்ணீர்விடுகிறார்கள், தங்கள் முறை முடிந்ததும் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். பக்கத்து ஆள் பேசுவதைக் கேட்பதில்லை.

இதில் பாராட்டு வேறு. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்புப் புத்தகத்தில் இன்ஸ்பிரேஷன் என்று ஒரு விதி. பாத்திரத்துக்கு ஏற்றபடி நன்றாக ஆடினால் டன்ஜியன் மாஸ்டர் அதைக் கொடுக்கலாம். வைத்திருப்பவர் வேண்டும்போது இரண்டு பகடை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். நான் கொடுத்துப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து ஆடத் தொடங்கினார்கள். நாய்க்கு பிஸ்கட் காட்டியதுபோல. நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் ஜாமம்:
அதே விதியின் அடுத்த வரியைப் படித்தீர்களா? உங்களிடம் இருக்கும் இன்ஸ்பிரேஷனை, நன்றாக ஆடிய இன்னொரு ஆட்டக்காரருக்குக் கொடுத்துவிடலாம். அதை மட்டும் வைத்து ஆடிப் பாருங்கள். உங்கள் முகத்தைப் பார்ப்பது நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தாக வேண்டியிருக்கும்.

பகடைக்காரன்:
இரவு முழுவதும் இந்த வாத்து என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் குழுவில் இரண்டாண்டுக்கு முன் ஒருவர் சேர்ந்து நான்கு வாரத்தில் விலகினார். வேலை அதிகம் என்று சொன்னார். நாங்களும் நம்பினோம். இன்று காலை பாணரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "எனக்கு அப்போதே தெரியும். அவர் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் நான் முந்திக்கொண்டேன்" என்றார். பூசாரிக்காக அவர் சாய்ந்தது இயல்பான குணம் என்று நினைத்திருந்தேன். ஒருவரை இழந்து கற்றுக்கொண்டது அது. முதல் பதிவில் நான் எழுதியதைவிட அவர் மீது எனக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. எங்கள் குழுவைப் பற்றிய பெருமையில்தான் கொஞ்சம் காற்று இறங்கிவிட்டது.

கோட்டைவாசல், உங்களுக்கும் ஒரு பதில் கடன் இருக்கிறது. எங்கள் திருடன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். ஆறு ஆண்டுகளில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எந்த ஊரில் யாருக்குக் கடன், எல்லாம் தேதிவாரியாக. நான் மறந்துபோன ஒரு கிழவியை மூன்றாண்டு கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார்கள், அவள் பேரனுக்குத் திருமணம் ஆயிற்றா என்று கேட்க. அரை மணி நேரத்தில் யோசிக்காமல் உருவாக்கிய கிழவி அவள். என் தயாரிப்புக்கு மதிப்பு வந்தது அவர்கள் நினைவில் வைத்திருந்ததால். பந்தி உவமையில் இதற்கு இடமில்லை.

கோட்டைவாசல்:
நோட்டுப் புத்தகமா. என் மேசையில் சென்ற வாரம் கொன்ற அரசன் பெயரே யாருக்கும் நினைவில்லை.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான்கு குழுக்கள் என்னிடமிருந்து கலைந்தன. நான்கிலும் நாள் குறித்தது, புத்தகம் வாங்கியது, குறிப்பு எழுதியது எல்லாம் நானே. அவர்கள் செய்வதற்கு எதையும் மிச்சம் வைத்தேனா என்று தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு நான் கட்சி மாறிவிட்டதாக யாரும் கொண்டாட வேண்டாம். பென்சிலை மறப்பது பென்சிலை மறப்பதுதான்.

பகடைக்காரன்:
வரும் சனிக்கிழமை எங்கள் போர்வீரர் ஊரில் இல்லை. இணையம் வழி ஆடுகிறோம், இரவு ஒன்பது மணி. ஒரு இருக்கை காலி. ஆட்டக்காரராக வாருங்கள்.

கோட்டைவாசல்:
ஏழு ஆண்டுகளாக நான் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. என்ன பாத்திரம்?

பகடைக்காரன்:
கணக்குப்பிள்ளைக்கு ஆள் இல்லை.

கோட்டைவாசல்:
வருகிறேன். குறிப்பெல்லாம் எழுத மாட்டேன், முன்பே சொல்லிவிட்டேன். சம்பளப் பாக்கி ஏழு மாதம்தானே?

மூன்றாம் ஜாமம்:
எட்டு. ஒரு மாதம் ஓடிவிட்டது.